நாற்பத்தோரு பேருக்கு ஒரே நம்பர்

கணினி பொய் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லாது. சர்க்கார் அலுவலகத்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சிலரைப் போல, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இது தெரியாமல் தமயந்தி பன்னிரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

தமயந்திக்கு முப்பத்தொன்பது வயது. கணினிப் படிப்பு படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் மூன்று வருஷம் வேலையும் பார்த்தவள். அப்புறம் கணவன் ராஜ்மோகனின் ரயில்வே உத்தியோகம் அவளை பிலாஸ்பூர், விசாகப்பட்டினம், கரக்பூர் என்று ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போய், கடைசியில் கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் ஒரு குவார்ட்டர்ஸில் இறக்கிவிட்டது. மகள் அனன்யா ஐந்தாம் வகுப்புக்கு வந்து, அம்மாவிடமே பாதி வங்காளத்தில் சண்டை போடத் தொடங்கியபோது, தமயந்தி மறுபடி வேலை தேடினாள். ஒன்பது நேர்காணல். ஒன்பதிலும் ஒரே கேள்வி: "இந்தப் பன்னிரண்டு வருஷம் என்ன செய்தீர்கள்?" நான்கு ஊரில் சாமான் கட்டினேன், பிரித்தேன், பள்ளிக்கூட அட்மிஷனுக்கு வரிசையில் நின்றேன் என்று சொன்னால் யார் வேலை கொடுப்பார்கள்? அவள் மென்று விழுங்குவாள். அவர்கள் "சொல்லி அனுப்புகிறோம்" என்பார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

பத்தாவதாகப் போன இடம் டாக்குரியாவில், ஓர் இனிப்புக் கடைக்கு மேல்மாடியில் ஏழு பேர் மட்டும் வேலை செய்யும் சின்ன நிறுவனம். வயதானவர்களுக்கு வேண்டிய காரியங்களை, மருந்து வரவழைப்பதிலிருந்து டாக்டர் வீட்டுக்குக் கூட்டிப்போவது வரை, ஏற்பாடு செய்து தரும் மென்பொருள்தான் அவர்கள் பிழைப்பு. சொந்தக்காரி ஷர்மிஷ்டாவுக்கு முப்பத்து நான்கு வயது. சிரிப்புக்கு ரேஷன் கார்டு வைத்திருப்பவள். பன்னிரண்டு வருஷத்தைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. தன்னைவிட மூத்தவள் என்பதால் பேரோடு அக்கா என்ற பொருளில் ஒரு 'தி' சேர்த்து, ஆங்கிலமும் இந்தியும் கலந்து சொன்னாள்:

"ஒரு மாசம் வாங்க, தமயந்தி-தி. ஒரே ஒரு வேலை தர்றேன். அதை முழுசா முடிச்சுக் காட்டுங்க. பஞ்சமி சாயந்திரம் ஆபீஸைப் பூஜைக்கு மூடுறோம். அதுக்குள்ள முடிஞ்சா, பூஜை கழிஞ்சு வேலைக்கு வாங்க. முடியலேன்னா அதோட சரி."

தமயந்திக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஆறுதலும் இல்லை, அவமானமும் இல்லை. இந்த வேலை கிடைக்காவிட்டால் பதினொன்றாவது இடத்துக்குப் போக அவளிடம் தெம்பு இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ராஜ்மோகனிடம்கூட.

கொடுத்த வேலை இது. லேக் கார்டன்ஸில் ஒரு பேட்டை கிளப், தன் பகுதியின் வயதானவர்கள் நாற்பத்தோரு பேரை துர்கா பூஜையின் சப்தமி நாள் காலையில், கூட்டம் திரளும் முன்பே, வட கொல்கத்தாவின் பந்தல்களைப் பார்க்கக் கூட்டிப்போக ஆசைப்பட்டது. பஸ் விடுவது வேறொரு கம்பெனி. அவர்களிடம் போனில் பேசி இடம் பிடிக்க முடியாது. அவர்களுடைய இணையச் சேவைக்குத் தகவலை அனுப்பவேண்டும், அது பதில் தரும். தகவல் ஜேசன் என்ற அமைப்பில் இருக்கவேண்டும். பேர்தான் மிரட்டலாக இருக்கிறது. உள்ளே பார்த்தால் பூர்த்தி செய்த விண்ணப்பப் படிவம், அவ்வளவுதான். பெயர் என்று ஒரு கட்டம், அதற்கு எதிரே பெயர். வயது, அதற்கு எதிரே வயது. ஏறும் இடம், தொலைபேசி எண், எல்லாவற்றையும் சுற்றி ஓர் அடைப்புக்குறி.

கிளப் செயலாளர் அனிமேஷ்பாபு ஆங்கில அகர வரிசையில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். நாற்பத்தோரு பேருக்கும் தொலைபேசி எண் என்ற இடத்தில் அவருடைய எண்ணே இருந்தது. அந்தப் பேட்டையில் அதுதான் வழக்கம். ரத்ததான முகாமோ, கண் பரிசோதனையோ, பூஜை பிரசாதமோ, எதுவானாலும் கிளப் செயலாளர் நம்பர்தான். கிழவர்களை யாரும் போன் செய்து தொந்தரவு செய்யக்கூடாது. தமயந்தி அதைக் கண்டு புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. அவளுடைய காஸ் இணைப்பு, வங்கிக் கணக்கு, அனன்யாவின் பள்ளிக்கூடம், பக்கத்து மளிகைக் கடை, எல்லாவற்றிலும் ராஜ்மோகனின் நம்பர்தான் இருந்தது. குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அப்படித்தான். அடுத்தவர் நம்பரில் வாழ்வது அவ்வளவு இயல்பாகிப் போயிருந்தது.

ஆக, அவள் நாற்பத்தோரு படிவம் தயார் செய்து, ஒவ்வொன்றாக அனுப்பும்படி ஒரு நிரல் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் உடனே பதில் வந்தது: 'பெற்றுக்கொண்டோம்', கூடவே ஒரு பதிவு எண். நாற்பத்தொன்றாவது பதில் வந்தபோது நாற்காலியைவிட்டு எழுந்து கையைத் தட்டியேவிட்டாள். ஷர்மிஷ்டா கிளப்புக்குச் சொன்னாள். கிளப் நாற்பத்தோரு அட்டைகள் அச்சடித்து, சிவப்பு நாடா கோத்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. இது நடந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

சதுர்த்தி காலை. ராஜ்மோகன் அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"நாளையோட உன் டிரயல் முடியுதுல்ல? எல்லாம் சரியாயிடுச்சா?"

"எப்பவோ முடிச்சுட்டேங்க. நாப்பத்தொண்ணுக்கும் நம்பர் வந்தாச்சு."

"என்ன நம்பரு? சீட் நம்பரா?"

"சீட் நம்பர் இல்ல. பதிவு நம்பர். 'பெற்றுக்கொண்டோம்'னு போட்டு ஒரு நம்பர்."

ராஜ்மோகன் வாயருகே கொண்டுபோன தோசையைக் கீழே வைத்தான். இருபது வருஷம் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன். சாப்பாட்டை அப்படி லேசில் கீழே வைப்பவன் அல்ல.

"இது தபால் வாங்குற எடத்துல குத்துற ரப்பர் ஸ்டாம்பு மாதிரில்ல இருக்கு? எந்த ஆபீஸுக்குப் போயி எந்தக் காயிதத்தக் குடுத்தாலும் குத்துவான். ஓட்டல் பில்ல நீட்டினாலும் குத்தி நம்பர் போட்டுக் குடுத்துருவான். வாங்கிக்கிட்டோம்னுதான் அதுக்கு அர்த்தம். செஞ்சுட்டோம்னு இல்ல. அந்த நம்பர வச்சுக்கிட்டு மறுபடி போயி, 'ஐயா, என் காயிதம் என்னாச்சு'ன்னு கேட்டியா?"

அடுப்பில் அடுத்த தோசை கருகியது. அவள் கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மாஜேர்ஹாட்டில் ரயில் பிடித்து, லேக் கார்டன்ஸில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் டாக்குரியா போய்ச் சேரும் வரை அவள் சாமி பேரை விடவில்லை. வழியெல்லாம் மூங்கில் பந்தல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் பையைத் தோளைவிட்டுக்கூட இறக்காமல் கணினியைத் திறந்தாள். பஸ் கம்பெனியின் சேவையில் பதிவு எண்ணைக் கொடுத்து நிலையைக் கேட்க ஒரு வழி இருந்தது. குறிப்பேட்டின் ஏழாம் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அவள் நான்காம் பக்கத்தோடு நிறுத்தியிருந்தாள்.

முதல் எண்ணைக் கேட்டாள். 'ரத்து: பிந்தைய பதிவால் நீக்கப்பட்டது' என்று பதில். இரண்டாவது எண், அதே பதில். மூன்றாவது, நான்காவது, பத்தாவது, முப்பதாவது, நாற்பதாவது வரை எல்லாம் ரத்து. நாற்பத்தொன்றாவது மட்டும் 'உறுதி, இருக்கை 12' என்றது.

குறிப்பேட்டை இந்த முறை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் விஷயம் இருந்தது. ஒரு தொலைபேசி எண்ணுக்கு ஒரு பதிவுதான். அதே எண்ணில் புதுப் பதிவு வந்தால் பழையது தானாக நீங்கிவிடும். ஆக, பஸ் கம்பெனியின் கண்ணுக்கு நாற்பத்தோரு கிழவர்கள் வரவில்லை. மனசு நிலையில்லாத ஒரே ஓர் ஆசாமி வந்து, தன் பேரை நாற்பத்தோரு தடவை மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கடைசியாகச் சொன்ன பேரை அது எழுதி வைத்துக்கொண்டது.

அந்தக் கடைசிப் பேரைத் தமயந்தி இப்போதுதான் பார்த்தாள். வைத்தியநாதன், வயது 81. அகர வரிசையில் கடைசி ஆள். கப்பல் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, லேக் கார்டன்ஸிலேயே தங்கிவிட்டவர். பட்டியலில் இருந்த ஒரே தமிழர். நாற்பது வங்காளிகளை விட்டுவிட்டு ஒரு தமிழருக்கு மட்டும் ஒரு தமிழச்சி இடம் பிடித்திருக்கிறாள். ஊர் இதை எப்படிப் பார்க்கும் என்று நினைக்கவே அவளுக்குக் கூசியது.

இருக்கை நிலவரத்தையும் கேட்டாள். நாற்பத்தெட்டு இருக்கை உள்ள பஸ்ஸில் இப்போது பாக்கி 43. மாற்றங்களுக்குக் கடைசி நேரம் பஞ்சமி மாலை ஐந்து மணி. அதாவது நாளை.

யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பின்னால் வெட்கப்பட்டாள் என்றாலும், யோசித்தாள் என்பது உண்மை. பிறகு எழுந்து ஷர்மிஷ்டாவின் மேஜைக்குப் போனாள்.

"பஸ்ஸில் இடம் இல்லை. ஒருத்தருக்குத்தான் இருக்கு. தப்பு என்னோடது. குறிப்பேட்டை முழுசாப் படிக்கல."

ஷர்மிஷ்டா எல்லாவற்றையும் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் தமயந்திக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "கிளப்புக்கு நீங்களே போய்ச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மாலை கிளப்பில் கூட்டம் நிறைந்திருந்தது. பந்தல் வேலை நடந்துகொண்டிருக்க, பட்டியலில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கழுத்தில் சிவப்பு நாடா அட்டையை இப்போதே மாட்டிக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் தமயந்திக்குத் தன் வேலையைவிட இவர்களின் சப்தமி காலைப் பயணம் பெரிதாகத் தெரிந்தது. அரைகுறை வங்காளத்தில் தொடங்கி, இந்தியில் தொடர்ந்து, விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

அனிமேஷ்பாபுவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரே ஒருத்தருக்கு இடம் இருக்குன்னீங்களே, யாருக்கு?"

"வைத்தியநாதன் மாமாவுக்கு."

"ஓ!" என்றார் அனிமேஷ்பாபு. அந்த ஒரு எழுத்தில் எல்லாம் இருந்தது. பின்வரிசையில் யாரோ ஒருவர், "உங்க ஊர்க்காரருக்கு மட்டும் கம்ப்யூட்டர் ஒழுங்கா வேலை செய்யுது" என்றார். சிலர் சிரித்தார்கள். தமயந்திக்குக் கண் கலங்கியது.

மூலையில் உட்கார்ந்திருந்த வைத்தியநாதன் கைத்தடியைத் தரையில் தட்டினார். அறுபது வருஷத்து வங்காளம் அவருடையது. வைதால்கூட வங்காளத்தில்தான் வைவார். அதைத்தான் இப்போது செய்தார். "நாற்பத்தெட்டு இருக்கை பஸ்ல நான் ஒருத்தன் உட்கார்ந்து துர்க்கையைப் பார்க்கப் போனா, துர்க்கையே இறங்கி வந்து 'மத்தவங்க எங்கடா'ன்னு கேப்பா. நான் கடைசியில இருந்தேன், அதனால மிஞ்சினேன். அனிமேஷ், நாப்பத்தோரு பேருக்கும் உன் நம்பரைக் குடுத்தது யாரு? அந்தப் பொண்ணா?" பிறகு அவளிடம் திரும்பித் தமிழில் கேட்டார்: "ஏம்மா, அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. இப்ப என்ன பண்ணணும், அதைச் சொல்லு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். ஒரு நம்பருக்கு ஒரு பதிவுதான். ஆனால் ஒரு பதிவுக்குள் பத்துப் பேர் வரை சேர்ந்து போகலாம். தனித்தனியாக நாற்பத்தோரு படிவம் தேவையில்லை. ஐந்து பேரின் நம்பர் போதும். ஒவ்வொரு நம்பருக்கும் கீழே அவரோடு வருகிறவர்களின் பெயர்களைப் பட்டியலாக எழுதி ஒரே படிவமாக அனுப்பிவிடலாம்.

அங்கேதான் வினை தொடங்கியது. யாரோடு யார் என்பதுதான் கேள்வி. தத்தோ குடும்பத்து இரண்டு சகோதரர்கள் ஒரு பழைய சுவர்த் தகராறில் ஏழு வருஷமாகப் பேசுவதில்லை. அவர்கள் ஒரே பதிவில் வரமாட்டார்கள். ஈஸ்ட் பெங்கால் கால்பந்து அணியின் ரசிகர்கள் ஆறு பேர், எதிர் அணியான மோகன் பகானின் ரசிகர் ஒருவரின் நம்பருக்குக் கீழே தங்கள் பேர் வருவதைவிட வீட்டில் கிடப்பதே மேல் என்றார்கள். பஸ் ஒன்றுதானே, எல்லாரும் அதே பஸ்ஸில்தானே போகப்போகிறீர்கள் என்று தமயந்தி கேட்டாள். "பஸ் வேறு, காகிதம் வேறு" என்று ஒரு பெரியவர் அமைதியாகப் பதில் சொன்னார். கணினியிடம்கூட இவ்வளவு நிபந்தனை இல்லை என்று தமயந்திக்குத் தோன்றியது.

நான்கு நம்பர் கிடைத்துவிட்டது: அனிமேஷ்பாபு, வைத்தியநாதன், தத்தோ சகோதரர்களில் ஒருவர், ஈஸ்ட் பெங்கால் தரப்பில் ஒருவர். ஐந்தாவதுக்கு ஆள் இல்லை. அப்போது, பேட்டைக்கே மாஷிமாவான, அதாவது சித்தியான, ப்ரொதிபா மாஷிமா கையைத் தூக்கினாள். எழுபத்தாறு வயது, வெள்ளைப் பருத்திப் புடவை, பையிலிருந்து ஒரு கைப்பேசியைத் துணி உறையோடு எடுத்தாள்.

"என் நம்பரை எழுதிக்கோ" என்றாள். "பேத்தி வாங்கிக் குடுத்து நாலு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் எந்தக் காகிதத்திலும் யாரும் இதை எழுதினதில்லை. முதல்ல அப்பா பேர்ல இருந்தேன், அப்புறம் அவர் பேர்ல, இப்ப கிளப் பேர்ல. ஒரு தடவை என் பேர்ல எட்டு பேர் வரட்டுமே."

தமயந்தி அந்தப் பத்து எண்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி, சரிபார்த்து எழுதிக்கொண்டாள். அவளுக்கும் ஒரு நம்பர் இருந்தது. அதையும் அவள் எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை.

மறுநாள் பஞ்சமி. ஒன்பதரைக்கே அலுவலகம் வந்துவிட்டாள். பாக்கி இருக்கை இப்போது 41. இரவுக்குள் இரண்டு போய்விட்டது. ஐந்தையும் மொத்தமாக அனுப்ப அவள் துணியவில்லை. சூடு கண்டவள், ஒன்றை அனுப்பி, அது உறுதியான பிறகே அடுத்ததைத் தொடுவது என்று முடிவு செய்தாள். பஸ் கம்பெனி ஒரு பதிவைப் பரிசீலிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது.

அனிமேஷ்பாபுவின் பட்டியல் முதலில் போனது. 'பெற்றுக்கொண்டோம்' என்று வந்தது. "அதான் தெரியுமே, வாங்கிக்கிட்டீங்க" என்று திரையைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிலையைக் கேட்டாள். 'பரிசீலனையில்.' மறுபடி கேட்டாள். 'பரிசீலனையில்.' பத்தே முக்காலுக்கு 'உறுதி' என்று வந்தது, எட்டுப் பெயர், எட்டு இருக்கை எண். அவள் அதோடு விடவில்லை. பெயர்களைக் கிளப் பட்டியலோடு விரல் வைத்து ஒப்பிட்டாள். ஈஸ்ட் பெங்கால் பட்டியல் பன்னிரண்டுக்கு முன் உறுதியானது. வைத்தியநாதன் பட்டியல் ஒரு மணிக்கு. தத்தோ பட்டியல், ஒன்பது பேர், இரண்டேகாலுக்கு. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. ஷர்மிஷ்டா இரண்டு தடவை பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அனிமேஷ்பாபுவின் எண்ணில் இருந்த பழைய ஒற்றைப் பதிவு நீங்கி அந்த இடமும் திரும்பியிருந்ததால், பாக்கி இருக்கை 9. ப்ரொதிபா மாஷிமாவின் பட்டியலில் பேர் 9. மிகச் சரியாக இருக்கிறது என்று அனுப்பினாள். மூன்றரைக்கு நிலையைக் கேட்டபோது 'மறுக்கப்பட்டது' என்று வந்தது.

பழைய தமயந்தி அந்த ஒரு வார்த்தையோடு தலையில் கையை வைத்து உட்கார்ந்திருப்பாள். இவள் கீழே இறக்கிப் பார்த்தாள். மறுத்ததற்குக் காரணம் அடுத்த வரியிலேயே இருந்தது: 'ஆறாவது பயணி ஏற்கெனவே வேறொரு பதிவில் உள்ளார்.' ஆறாவது பெயர் ஹாராதன்பாபு. மேலே தேடினாள். ஈஸ்ட் பெங்கால் பட்டியலிலும் ஹாராதன்பாபு. அப்போதுதான் எண்ணிப் பார்த்தாள். ஐந்து பட்டியலிலும் சேர்த்து நாற்பத்திரண்டு பேர் இருந்தது.

கிளப்புக்குப் போன் போட்டாள். ஹாராதன்பாபு கிடைத்தார்.

"ரெண்டு எடத்துல பேர் குடுத்திருக்கீங்களே மேஷோமஷாய்?" என்றாள், பெரியவரை வங்காள மரியாதையோடு சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டு.

"ஆமாம்மா" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல். "இவங்களோட போனா அவங்க கோவிச்சுப்பாங்க. அவங்களோட போனா இவங்க கோவிச்சுப்பாங்க. எதுக்கு வம்புன்னு ரெண்டிலயும் குடுத்துட்டேன். கம்ப்யூட்டருக்கு இதுல என்ன கஷ்டம்?"

தமயந்திக்குச் சிரிப்பு பீறிட்டது. இரண்டு நாளில் முதல் சிரிப்பு. "உங்க சீட் ஈஸ்ட் பெங்கால்காரங்களோட உறுதியாயிடுச்சு. பஸ்ல நீங்க யார் பக்கத்துல வேணும்னாலும் உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, ஆறாவது பெயரை எடுத்துவிட்டு, எட்டுப் பேரோடு மறுபடி அனுப்பினாள். மணி மூன்று ஐம்பது. ஒரு மணி நேரம் பரிசீலனை. ஐந்து மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். கணக்குப் போட்டால் பத்து நிமிஷம்தான் இடைவெளி.

மற்றவர்கள் ஒவ்வொருவராக மேஜையைச் சுத்தம் செய்து, "ஷுப பூஜோ" சொல்லிக் கிளம்பினார்கள். கீழே இனிப்புக் கடையில் சந்தேஷ் வாங்க வரிசை தெரு வரைக்கும் நீண்டிருந்தது; எங்கோ டாக் மேளத்தைத் தட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். தமயந்தி கேட்டாள். 'பரிசீலனையில்.' கேட்டாள். 'பரிசீலனையில்.' நாலரைக்கும் அதேதான். ஷர்மிஷ்டா தன் மேஜையில் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைத் தவிர அறையில் ஒன்றுமில்லை.

நாலு ஐம்பத்திரண்டுக்கு வந்தது. 'உறுதி.' தொடர்பு எண்: ப்ரொதிபா மாஷிமாவுடையது. எட்டுப் பெயர். எட்டு இருக்கை.

தமயந்தி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எழுந்து கையைத் தட்டவில்லை. தட்டுவதற்கு முன் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. நிறுவனத்தின் பேரில் அந்த பஸ்ஸில் மொத்தம் யார் யார் என்று முழுப் பட்டியலையும் கேட்டு ஒரு தடவை பார்த்துவிடுவது. கேட்டாள். ஐந்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது பதில் வந்தது.

மொத்தப் பயணிகள்: 42.

நாற்பத்தொன்றல்லவா இருக்கவேண்டும்? மறுபடி யார் இரண்டு தடவை வந்தது? ஹாராதன்பாபு மறுபடி எங்காவது பேர் கொடுத்துத் தொலைத்தாரா? எடுக்கவேண்டும் என்றால் மூன்றே நிமிஷம்.

"ஷர்மிஷ்டா!" குரல் அவளை அறியாமல் உயர்ந்துவிட்டது. "ஒருத்தர் கூடுதலா இருக்காங்க. நாப்பத்திரண்டு காட்டுது. எங்கயோ மறுபடி தப்பு நடந்திருக்கு."

ஷர்மிஷ்டா தட்டச்சை நிறுத்தினாள். எழுந்து வரவில்லை. "கடைசி வரைக்கும் படிச்சீங்களா, தமயந்தி-தி?"

தமயந்தி திரையை இறக்கினாள். அனிமேஷ்பாபுவின் எட்டு. ஈஸ்ட் பெங்கால் எட்டு. வைத்தியநாதனின் எட்டு. தத்தோ ஒன்பது. மாஷிமாவின் எட்டு. அதற்கும் கீழே ஆறாவதாக ஒரு பதிவு இருந்தது, நாலு ஐம்பத்தைந்துக்கு உறுதியானது, ஒரே ஒரு பெயரோடு.

பெயர்: தமயந்தி. வயது: 39. தொடர்பு எண்: அவளுடையது. பயணத்தில் பொறுப்பு: துணை வருபவர். பதவி: மென்பொருள் பொறியாளர். இருக்கை: 48. பாக்கி இருக்கை: இல்லை.

எழுத்துகள் கலங்கின. கண்ணீரைத் துடைக்க அவளுக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கட்டத்துக்கு எதிரே அவள் எழுதிவந்த வார்த்தை இல்லத்தரசி. இப்போது வேறு யாரோ பூர்த்தி செய்து, எங்கேயோ ஒரு கணினி அதைப் பெற்றுக்கொண்டு, பரிசீலித்து, உறுதி செய்து அனுப்பியிருந்தது.

"சப்தமி காலைல ஏழு மணிக்கு பஸ்" என்றாள் ஷர்மிஷ்டா, விளக்குகளை அணைக்க எழுந்தபடி. "நாப்பத்தோரு கிழவர்களை நான் தனியா அனுப்ப மாட்டேன். பூஜை கழிஞ்சு திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆபீஸ். படிச்சாச்சா?"

"இருங்க" என்றாள் தமயந்தி. "இன்னொரு தடவை படிச்சுக்கறேன்."